வில்லும் நாணும் அம்பும்: ஒன்றறிந்து மற்றவை காணும் கணக்கு

தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில், ஒருபுறம் மேற்குத் தொடர்ச்சி மலையும் மறுபுறம் மேகமலை, வருசநாட்டுத் தொடர்களும் காவல் நிற்க, முல்லைப் பெரியாற்றின் நீரால் செழித்த வயல்களுக்கு நடுவே உத்தமபாளையம் அமைந்துள்ளது. ஊரை அடுத்துக் கருப்பண்ணசாமி கோயிலை ஒட்டி ஒரு பாறை உண்டு. அதன் முகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் புடைப்புச் சிற்பங்களாக வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. நாகப்படம் குடையாக விரிய நிற்கும் பார்சுவநாதரையும், முக்குடையின்கீழ் அமர்ந்த அருக தேவர்களையும் அங்கே இன்றும் தரிசிக்கலாம். சிற்பங்களின் அருகே வட்டெழுத்தில் சில பெயர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று அச்சணந்தி அடிகளின் திருப்பெயர். பழங்காலத்தில் இவ்விடம் திருக்குணகிரி எனப்பட்டது.

அச்சணந்தி அடிகளின் பெயர் உத்தமபாளையத்தோடு நின்றுவிடவில்லை. ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, கொங்கர் புளியங்குளம், சமணர்மலை, ஐவர்மலை, குமரி மாவட்டத்துச் சிதறால், வடக்கே வள்ளிமலை எனத் தமிழகத்தின் பல குன்றுகளில் அப்பெயர் காணப்படுகிறது. சமணர்மலைக் கல்வெட்டு அவருடைய அன்னையார் குணமதியாரின் பெயரையும் காத்து வைத்துள்ளது. பாண்டிய நாட்டில் அருகன் அறம் தழைத்திருந்த 8, 9ஆம் நூற்றாண்டுகளின் சுவடுகள் இவை.

இந்தப் பாறையைத் தரிசித்துத் திரும்பும் நம் குடும்பங்களில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய கணிதப் பாடநூலில் முக்கோணவியல் என்றொரு பகுதி உண்டு. “ஒரு கோணத்தின் சைன் மதிப்பு தரப்பட்டுள்ளது, ஏனைய ஐந்து விகிதங்களையும் காண்க” என்பது அதில் தவறாது வரும் வினா. பிள்ளைகள் அதனை மேலைநாட்டிலிருந்து வந்த கல்வி என்றே எண்ணிக் கற்கின்றனர். நம் பெரியோரிற் சிலரோ நேர்மாறாக, முக்கோணவியல் முழுவதையும் சமணரே கண்டனர் என்று மேடைகளில் முழங்குகின்றனர். இவ்விரண்டும் உண்மையன்று. உண்மை எது என்பதை அளந்து கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணும் அறமும்

ஆதிநாதர் தம் புதல்வியர் இருவருள் பிராமிக்கு எழுத்தையும் சுந்தரிக்கு எண்ணையும் கற்பித்தார் என்பது நாம் இளமை முதல் கேட்டு வரும் வரலாறு. இதனை ஆதிபுராணத்தில் விரித்துரைத்த ஜினசேனாசாரியார் இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷன் போற்றிய ஆசிரியர். அவ்வேந்தனின் காலத்தில்தான், ஏறத்தாழ கி.பி. 850இல், மகாவீராசாரியார் என்னும் கணித மேதை ‘கணிதசார சங்கிரகம்’ என்ற நூலை இயற்றினார். இந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிய மு. ரங்காசாரியார். சென்னை அரசு அதனை 1912இல் வெளியிட்டது. அதன் பின்னரே உலகின் கணித வரலாற்றாசிரியர் பலர் இந்நூலை அறிந்தனர்.

சமணர்க்குக் கணிதம் வாணிகத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. உலகின் அமைப்பைக் கூறும் நூல்களைப் பயில்வோர்க்கு அது இன்றியமையாத கருவி. நாவலந்தீவின் பரப்பு, மலைகளின் அகலம், கண்டங்களின் எல்லை ஆகியவை அந்நூல்களில் எண்களாகவே சொல்லப்படுகின்றன. திகம்பர மரபில் எதிவிருஷபரின் ‘திலோயபண்ணத்தி’யும், சாமுண்டராயரின் ஆசிரியராகிய நேமிசந்திரர் அருளிய ‘திரிலோகசார’மும் இக்கணக்குகளை விரிவாகக் கூறுகின்றன. சுவேதாம்பர மரபில் தத்துவார்த்த சூத்திரத்தின் பாடியம் அவற்றைச் சுருக்கமான விதிகளாகத் தருகிறது.

பரத கண்டம் என்னும் வில்

தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தை நாம் பருவ நாட்களில் ஓதக் கேட்கிறோம். நாவலந்தீவு வட்ட வடிவினது. அதன் விட்டம் 1,00,000 யோசனை. பரத கண்டத்தின் அகலம் 526 யோசனையும் 6/19 பங்கும் என்று அது கூறுகிறது. ஓதும்போது இந்த 6/19 என்னும் பின்னம் ஏன் வந்தது என்று பலரும் வினவுவதில்லை. விடை எளிது.

நாவலந்தீவில் தெற்கிலிருந்து வடக்காக ஏழு கண்டங்களும் அவற்றைப் பிரிக்கும் ஆறு மலைகளும் உள்ளன. பரதத்தின் அகலத்தை ஒரு பங்கு என்று கொண்டால், இமவான் 2, ஹைமவதம் 4, மகா இமவான் 8, ஹரி 16, நிஷதம் 32, விதேகம் 64 என்று விதேகம் வரை இரட்டித்துக்கொண்டே செல்லும். பின்னர் நீலம் 32, ரம்யகம் 16, ருக்மி 8, ஹைரண்யவதம் 4, சிகரி 2, ஐராவதம் 1 என்று பாதி பாதியாகக் குறையும். இவற்றைக் கூட்டினால் 190 பங்கு. ஒரு லட்சத்தை 190ஆல் வகுத்தால் 526 யோசனையும் 6/19 பங்கும் கிடைக்கும்.

இனி பரத கண்டத்தின் வடிவை நோக்குவோம். அதன் தெற்கெல்லை இலவண சமுத்திரத்தை ஒட்டி வளைந்து செல்கிறது. வடக்கெல்லையாகிய இமவான் நேர்கோடாக நிற்கிறது. ஆகவே அது நாணேற்றிய வில்லைப் போன்றது. வளைந்த எல்லையை ‘தனுஷ்’ என்றும், நேரெல்லையை ‘ஜீவா’ என்றும், இரண்டுக்கும் நடுவே உள்ள அகலத்தை ‘இஷு’ என்றும் நூல்கள் வழங்கின. தமிழில் சொன்னால் வில், நாண், அம்பு. இன்றைய தமிழ்க் கணிதப் பாடநூல்களும் வட்டத்தின் வளைவை வில் என்றும், அதன் இரு முனைகளை இணைக்கும் கோட்டை நாண் என்றுமே கூறுகின்றன.

விட்டமும் அம்பும் தெரிந்தால் நாணைக் காணும் விதி இது: விட்டத்திலிருந்து அம்பைக் கழித்து, எஞ்சியதை அம்பால் பெருக்கி, மீண்டும் நான்கால் பெருக்கி, வர்க்கமூலம் காண்க. பரத கண்டத்துக்கு இதனைச் செய்தால் நாண் 14,471 யோசனையும் 5/19 பங்குக்குச் சற்று மேலுமாக வரும். அதனால் நூல்கள் அதனை 6/19க்குச் சற்றுக் குறைவு என்று குறிக்கின்றன.

விதிகள் மறுதலையாகவும் செல்லும். விட்டமும் நாணும் தெரிந்தால், விட்டத்தின் வர்க்கத்திலிருந்து நாணின் வர்க்கத்தைக் கழித்து, எஞ்சியதன் வர்க்கமூலத்தை விட்டத்திலிருந்து நீக்கிப் பாதியாக்கினால் அம்பு கிடைக்கும். நாணும் அம்பும் மட்டும் தெரிந்தாலும் விட்டத்தைக் காணலாம்: நாணின் வர்க்கத்தை அம்பின் நான்கு மடங்கால் வகுத்து, அதனோடு அம்பைக் கூட்டினால் போதும். தெரிந்தவற்றைக் கொண்டு தெரியாதவற்றை அடையும் முறைமை இவ்விதிகளில் முழுமையாக உள்ளது.

பாடநூல் வினாவும் பரத கண்டமும்

இப்பொழுது நம் பிள்ளைகளின் பாடநூலுக்கு வருவோம். வட்டத்தின் மையத்திலிருந்து நாணின் ஒரு முனைக்கு ஒரு கோடு வரைக. அது ஆரம். மையத்திலிருந்து நாணின் நடுவுக்கு மற்றொரு கோடு வரைக. பாதி நாண் மூன்றாவது பக்கமாக, ஒரு செங்கோண முக்கோணம் உண்டாகும். அதில் ஆரமே கர்ணம். பாதி நாணை ஆரத்தால் வகுத்தால் சைன். ஆரத்திலிருந்து அம்பைக் கழித்து ஆரத்தால் வகுத்தால் கொசைன். பாதி நாணின் வர்க்கத்தையும், ஆரத்திலிருந்து அம்பைக் கழித்த எச்சத்தின் வர்க்கத்தையும் கூட்டினால் ஆரத்தின் வர்க்கம் வரும். சைன் வர்க்கமும் கொசைன் வர்க்கமும் கூடினால் 1 என்று பிள்ளைகள் மனனம் செய்யும் வாய்பாடும், நாண் காணும் பழைய விதியும் ஒரே உண்மையின் இரு வடிவங்கள்.

பரத கண்டத்தையே எடுத்துக்கொள்வோம். ஆரம் 50,000 யோசனை. அம்பு ஒரு லட்சத்தில் 190இல் ஒரு பங்கு. ஆகவே அம்பு ஆரத்தில் 95இல் ஒரு பங்கு. எனவே கொசைன் மதிப்பு 94/95. இந்த ஒன்று கிடைத்ததும் மற்றவை எல்லாம் வரிசையாக வரும். 95இன் வர்க்கம் 9025, 94இன் வர்க்கம் 8836, வேறுபாடு 189. எனவே சைன் மதிப்பு √189/95. டேன்ஜன்ட் √189/94. இவற்றைத் தலைகீழாக்கினால் சீகன்ட் 95/94, கொசீகன்ட் 95/√189, கொட்டேன்ஜன்ட் 94/√189. சைன் மதிப்பை விட்டத்தால் பெருக்கிப் பாருங்கள்: 14,471 யோசனைக்குச் சற்று மேல். ஆசாரியர்கள் கூறிய நாணே மீண்டும் வந்து நிற்கிறது. இக்கோணம் 8 பாகைக்குச் சற்று மிகுதி.

இங்கே மாணவர் பலர் தவறும் ஓரிடம் உண்டு. சைன் மதிப்பு மட்டும் தரப்பட்டால் கொசைன் மதிப்பு மிகையா குறையா என்று தீர்மானிக்க இயலாது. கோணம் எந்தக் கால்வட்டத்தில் உள்ளது என்பதும் தெரிய வேண்டும். வர்க்கமூலத்துக்கு இரு விடைகள் இருப்பதே காரணம். இதனை வெறும் குறியீட்டுச் சிக்கல் என்று எண்ண வேண்டா. நாவலந்தீவின் தென்முனையில் பரத கண்டம் இருப்பதுபோல வடமுனையில் அதே அளவுள்ள ஐராவத கண்டம் உள்ளது. பரதத்தின் வடக்கு நாணும் ஐராவதத்தின் தெற்கு நாணும் நீளத்தில் சமம். தென்முனையிலிருந்து அளந்தால் முதல் நாணுக்கு அம்பு 526 யோசனையும் 6/19 பங்கும். இரண்டாவதற்கு 99,473 யோசனையும் 13/19 பங்கும். சைன் மதிப்பு இரண்டுக்கும் ஒன்றே. கொசைன் மதிப்பு பரதத்துக்கு 94/95. ஐராவதத்துக்கு அதுவே குறை எண். நாணின் நீளத்தை மட்டும் சொல்லி “எந்தக் கண்டம்?” என்று கேட்டால் ஒரு விடை கூற இயலாது. தெற்கா வடக்கா என்ற மற்றொரு செய்தியும் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இவ்வாறு விளக்கினால் அவர்கள் இதனை மறக்கமாட்டார்கள்.

வயலின் கணக்கு

இவ்விதிகள் தீவுகளுக்கும் கண்டங்களுக்கும் மட்டும் உரியன அல்ல. மகாவீராசாரியார் தம் நூலில் வில் வடிவ நிலங்களை அளக்கும் முறையைக் கூறியுள்ளார். கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றின் வளைவுக்கும் நேராகச் செல்லும் வரப்புக்கும் இடைப்பட்ட வயல் ஒன்றை எண்ணிக்கொள்வோம். வரப்பின் நீளம் 24 கோல். அதன் நடுவிலிருந்து ஆற்றின் வளைவுக்குள்ள தொலைவு 8 கோல். வட்டத்தின் மையம் வரப்புக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாமல் இருக்கலாம். ஆயினும் 24இன் வர்க்கமாகிய 576ஐ, 8இன் நான்கு மடங்காகிய 32ஆல் வகுத்தால் 18. அதனோடு 8ஐக் கூட்டினால் விட்டம் 26. எனவே ஆரம் 13, பாதி நாண் 12, எஞ்சிய பக்கம் 5. சைன் 12/13, கொசைன் 5/13, டேன்ஜன்ட் 12/5. பாடநூல்களில் மீண்டும் மீண்டும் வரும் 5, 12, 13 என்ற முக்கோணம் வயலின் வரப்பிலேயே கிடைத்துவிட்டது.

வளைவின் நீளத்தைக் காண மகாவீராசாரியார் இரு விதிகள் தருகிறார். நடைமுறைக்குப் போதுமான விதியில் அம்பின் வர்க்கத்தை 5ஆல் பெருக்கி நாணின் வர்க்கத்தோடு கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும். நுண்ணிய விதியில் 5க்குப் பதிலாக 6. இவ்வயலுக்கு முதல் விதி ஏறத்தாழ 29.93 கோலும், இரண்டாவது 30.98 கோலும் தரும். இன்றைய துல்லியமான கணக்கில் விடை 30.58 கோல். இரண்டு விடைகளுக்கும் இடையே உண்மை நிற்கிறது.

பெருமையும் வாய்மையும்

இங்கே நாம் ஒன்றை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். நாண், அம்பு, விட்டம் ஆகிய மூன்றையும் இணைக்கும் விதிகள் முற்றிலும் சரியானவை, எக்காலத்தும் மாறாதவை. வில்லின் நீளத்தைக் கூறும் விதியோ தோராயமானது. சுற்றளவைக் காண விட்டத்தை √10ஆல் பெருக்கும் பழைய மரபிலிருந்து அது வந்தது. வில் அரைவட்டமாகும்போது 6 என்னும் எண் சரியாக √10 மடங்கு ஆரத்தையே தரும் என்பதைச் சிறு கணக்கால் காணலாம். அம்மரபின்படி நாவலந்தீவின் சுற்றளவு 3,16,227 யோசனைக்குச் சற்று மேல். இன்றைய கணக்கில் அது 3,14,159 யோசனைக்குச் சற்று மேல். பரத கண்டத்தின் வில்லை நூல்கள் 14,528 யோசனையும் 11/19 பங்கும் என்கின்றன. இன்றைய கணக்கு 14,522 யோசனையும் கால் பங்குக்குச் சற்று மேலுமாகும். பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட யோசனையில் வேறுபாடு ஆறேகால் யோசனை அளவே.

இந்தச் சிறு வேறுபாட்டையும் நீக்கும் வழி கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கு மலையைக் கடந்து கேரளத்தில் பின்னர் கிடைத்தது. மாதவரின் மரபில் வந்த நீலகண்ட சோமயாஜி (பிறப்பு 1444) அம்பின் வர்க்கத்தோடு பெருக்க வேண்டிய எண் 16/3 என்று பொருள்படும் விதியைத் தந்தார். அது 5க்கும் 6க்கும் இடைப்பட்டது. அவ்விதியைப் பரத கண்டத்துக்கு இட்டுப் பார்த்தால் இன்றைய விடையோடு வேறுபாடு 1/20 யோசனைக்கும் குறைவு. கணிதம் ஒரு சமயத்தாரின் தனிச்சொத்தாக வளரவில்லை; ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றொருவர் தொடர்ந்தனர்.

முக்கோணவியலின் பிறப்பையும் இவ்வாறே காண வேண்டும். கோணத்துக்குக் கோணம் நாணின் அளவை அட்டவணையாகத் தொகுத்தவர் கிரேக்க வானியலார், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமியின் அட்டவணை புகழ்பெற்றது. முழு நாணை விட்டுப் பாதி நாணை எடுத்து அட்டவணை அமைத்தவர் 499இல் தம் நூலை இயற்றிய ஆரியபடர். ‘ஜ்யா’, ‘ஜீவா’ என்ற நாணின் பெயரே அரபு மொழியில் ‘ஜீபா’ என்று எழுதப்பட்டது. அதனை ‘ஜைப்’ என்று படித்து, மடி அல்லது வளைவு என்று பொருள் கொண்டு, 12ஆம் நூற்றாண்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் ‘சைனஸ்’ என்றனர். அதுவே இன்றைய சைன். சமண நூல்களின் கணக்கு கோணத்தை அளக்கவில்லை. நீளங்களை மட்டுமே அளந்தது. ஆகவே முக்கோணவியல் சமணர் கண்டது என்று கூறுதல் பொருந்தாது. ஆனால் ஒன்றறிந்து மற்றவை காணும் அதன் உள்ளீடான உறவை நம் ஆசாரியர்கள் ஐயமின்றி அறிந்திருந்தனர். தலைமுறை தலைமுறையாகக் கற்பித்தனர். இவ்வளவு கூறுதலே வாய்மை. வாய்மை நம் அணுவிரதங்களுள் ஒன்று. முன்னோரின் புகழைக் கூறும்போதும் அவ்விரதத்துக்கு விலக்கில்லை.

பாறை கூறுவதும் கூறாததும்

உத்தமபாளையத்துக்கு மீண்டும் வருவோம். வரலாற்றாசிரியரும் ஒன்றைக் கொண்டு மற்றவற்றைக் காண்பவரே. ஐவர்மலைக் கல்வெட்டு ஒன்று சக ஆண்டு 792ஐயும் பாண்டியன் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டையும் சேர்த்துக் கூறுகிறது. அங்கே பார்சுவ படாரர் திருவுருவத்தைப் புதுக்கியவர் சாந்திவீரக் குரவர். சக ஆண்டோடு 78ஐக் கூட்டினால் கி.பி. 870, அதிலிருந்து அவ்வேந்தன் முடிசூடிய ஆண்டு 862 என்பது பெறப்படுகிறது. பாண்டியர் வரலாற்றின் ஆண்டுக் கணக்குக்கு இந்தச் சமணக் கல்வெட்டு ஒரு தூணாக நிற்கிறது.

ஆனால் எல்லாக் கல்வெட்டுகளும் இவ்வாறு இரு செய்திகளைத் தருவதில்லை. பாண்டியர் மாறஞ்சடையன், சடையமாறன் என்னும் பட்டங்களை மாறி மாறிச் சூடினர். ஆகவே பட்டத்தையும் ஆட்சியாண்டையும் மட்டும் கூறும் கல்வெட்டு எந்த வேந்தனுக்குரியது என்பதைத் துணியப் பிற சான்றுகள் வேண்டும். சைன் மதிப்பு மட்டும் தெரிந்து கால்வட்டம் தெரியாத மாணவனின் நிலையே அது. திருக்குணகிரியில் அச்சணந்தி அடிகளின் பெயர் உள்ளது. அப்பெயரைக் கொண்டு அங்கே கணிதப் பள்ளி நடந்தது என்று எழுதிவிட முடியாது. அந்த எழுத்துகள் திருவுருவங்களைச் செய்வித்தவர்களின் பெயர்களையே கூறுகின்றன.

ஆகவேதான் அப்பாறையின் ஒவ்வோர் எழுத்தும் நமக்கு இன்றியமையாதது. ஒரு வரி மழையிலும் வெயிலிலும் சிதைந்தாலோ, அன்பர் ஒருவர் அறியாமல் எண்ணெயும் சுண்ணமும் பூசி மறைத்தாலோ, மற்றவற்றைக் காண உதவும் இரண்டாவது செய்தி என்றென்றைக்கும் போய்விடும். கணிதத்தில் தொலைந்த அளவை மீண்டும் கணக்கிடலாம். கல்லில் தொலைந்த பெயரை எந்த விதியும் மீட்டுத் தராது.

நம் இல்லங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் மதுரைக் குன்றுகளோடு உத்தமபாளையத்தையும் தரிசனப் பயணத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லைத் தொடாமல், எதையும் பூசாமல், வணங்கித் திரும்புங்கள். ஜினாலயத்தில் தத்துவார்த்த சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயம் ஓதப்படும் நாளில், பள்ளி செல்லும் பிள்ளையை அருகே அமர்த்தி, தாளில் ஒரு வட்டம் வரைந்து, விட்டம் ஒரு லட்சம், அம்பு 526 யோசனையும் 6/19 பங்கும், நாண் எவ்வளவு என்று கேளுங்கள். கால் மணி நேரத்தில் அப்பிள்ளை ஆசாரியர்களின் விடையைத் தன் கையால் கண்டெடுக்கும். ஓதும் எண்ணுக்குப் பொருள் உண்டு என்று ஒருமுறை உணர்ந்த பிள்ளை, ஓதுதலையும் விடாது, கணக்கையும் அஞ்சாது.